முச்சந்தியில் என் முகம்

அனகாபுத்தூரில் பேனர் வைக்கப் பெரிய காரணம் எதுவும் வேண்டாம். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி, எதுவானாலும் அம்மன் கோயில் முச்சந்தியில் ஒரு ஃபிளெக்ஸ் ஏறிவிடும். கீழே வரிசையாகச் சொந்தக்காரர்களின் தலைகள். ஒரு தலை விட்டுப்போனால் போதும், அடுத்த விசேஷத்துக்கு அந்த வீட்டிலிருந்து ஆள் வராது. இதையெல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டே வளர்ந்தவன் நான். ஐ.டி. கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த பிறகு அந்தச் சிரிப்பு இன்னும் கொஞ்சம் கூடியது என்றுதான் சொல்ல வேண்டும்.

போன வருஷம் வேலையில் இருந்துகொண்டே எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வு எழுதினேன். வெளிமாநிலக் கல்லூரி ஒன்றிலிருந்து அடுத்த கட்டத்துக்கு அழைப்பு வந்தது. ஒரே ஒரு கல்லூரி. கிண்டியில் ஒரு ஓட்டலில் வைத்து முதலில் ஒரு கட்டுரை எழுதச் சொல்வார்கள், பிறகு நேர்முகத் தேர்வு, அதற்கும் பிறகுதான் இடம் உண்டா இல்லையா என்பது. இதை அப்பாவிடம் தெளிவாகத்தான் சொன்னேன். அவரும் தெளிவாகத்தான் தலையாட்டினார்.

ஆனால் அப்பாவின் கணக்கு வேறு. எங்கள் பக்கத்தில் பெண் பார்க்கப் போவதே ஜாதகம் பொருந்தி, பெரியவர்கள் பேசி, எல்லாம் முடிந்த பிறகுதான். அன்றைக்கு பஜ்ஜி சாப்பிடுவதும் பெண்ணிடம் இரண்டு வார்த்தை கேட்பதும் வெறும் சடங்கு. வீட்டுக்குக் கூப்பிட்டுவிட்டு வேண்டாம் என்று சொல்வது பெரிய அவமானம், அப்படிச் செய்கிறவர்களோடு யாரும் சம்பந்தம் வைத்துக்கொள்ள மாட்டார்கள். இன்டர்வியூவையும் அவர் அப்படியே எடுத்துக்கொண்டார்.

ஒரு சனிக்கிழமை காலையில் தாம்பரம் கோச்சிங் சென்டருக்குப் போக வண்டியை எடுத்துக்கொண்டு தெருமுனை திரும்பினேன். முச்சந்தியில் நான் நின்றுகொண்டிருந்தேன், ஓர் ஆள் உயரத்துக்கு, கோட்டு சூட்டில். விண்ணப்பத்துக்காக ஸ்டூடியோக்காரர் கோட்டை மாட்டிவிட்டு எடுத்த போட்டோ அது. ஒரு பக்கம் சிங்கம், இன்னொரு பக்கம் விமானம், பின்னால் ஏதோ வெளிநாட்டு மணிக்கூண்டு. மேலே, 'படிப்பில் சிகரம் தொட்ட எங்கள் சிங்கமே, வருக!' கீழே என் பெயர், பெயருக்குப் பக்கத்தில் இப்போதே எம்.பி.ஏ. அதற்கும் கீழே பெரியப்பா, சித்தப்பா, மாமா, கறுப்புக் கண்ணாடி போட்ட மச்சான்கள், அக்காவின் கைக்குழந்தை. கடைசி ஓரத்தில் அப்பா. ஏதோ கல்யாண போட்டோவிலிருந்து அவரை வெட்டி எடுத்திருந்தார்கள். தோள்மேல் யாரோ போட்ட கை மட்டும் வெட்டுப்படாமல் அங்கேயே தங்கிவிட்டது.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. வண்டியைத் திருப்பிக்கொண்டு நேராக அப்பாவின் கடைக்குப் போனேன். கடை என்றால் வீட்டை ஒட்டிய காலி மனைதான். எங்கள் தாத்தா காலத்தில் நெல் விளைந்த நிலத்தில் மிச்சம். இப்போது அதில் ஜல்லி, எம்-சாண்ட், செங்கல், சிமெண்டு வைத்து விற்கிறோம்.

"இன்னும் செலக்டே ஆகலப்பா. மொதல்ல கழட்டு அத."

"இன்னாடா காலங்காத்தால கத்திக்கினு கீற?" என்றார் அப்பா. "நாம இன்னா அலைஞ்சிக்கினா போனோம்? அவுங்களா கூப்ட்டாங்க. கூப்ட்டு வெச்சி இல்லன்னு சொல்வாங்களா?"

"சொல்வாங்கப்பா. பாதிக்கு மேல அப்டித்தான் சொல்வாங்க."

"அப்ப அவுங்க இன்னா பெரிய மனுசங்க?" என்றவர் கொஞ்சம் இறங்கி வந்தார். "உன் காதுகுத்துக்கு பேனர்லாம் கெடையாதுடா. அக்கா கல்யாணத்துக்கு வெச்சேன். உனக்கு இதான் மொதோ மொதோ. இருந்துட்டுப் போட்டும்."

எனக்குக் கோபம்தான் வந்தது. அவர் சொன்னது காதில் விழுந்தது, மனசுக்குள் போகவில்லை. அன்றிலிருந்து பால் வாங்கப் போனாலும் 'எப்ப தம்பி கெளம்புற' என்று கேட்டார்கள். ஃபாரினா என்று கேட்டார்கள். முச்சந்தியைத் தவிர்க்க நான் பம்மல் பக்கம் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தேன்.

கோச்சிங் சென்டர் மேற்குத் தாம்பரத்தில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடி. நேர்முகத் தேர்வுக்குத் தயாராக வந்த எங்களையெல்லாம் உட்காரவைத்து, ஒவ்வொருவராக முன்னால் கூப்பிட்டு, நிஜ இன்டர்வியூ மாதிரியே கேள்வி கேட்பார் சார். என்னோடு படித்த ஒருத்தன் குன்றத்தூர் கோயிலுக்குப் போகிற வழியில் பேனரைப் பார்த்துவிட்டான். போட்டோ எடுத்து குரூப்பில் போட்டுவிட்டான். அடுத்த வகுப்பில் நான் உள்ளே நுழைந்ததும் கைதட்டல்.

"மச்சான், உங்க ஏரியாவுல நீ எம்.எல்.ஏ.வாடா?"

சார் தன் பங்குக்கு, "தம்பி, நீதான் எம்.பி.ஏ. முடிச்சிட்டியே, இங்க எதுக்கு வந்த?" என்றார். தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. என்னதான் நடந்தது, எழுந்து சொல் என்றார் சார். சொன்னேன். ஆத்திரத்தில் சொன்னதால் அப்பா மாதிரியே பேசிக் காட்டினேன். இடுப்பில் கை வைத்து, கழுத்தைச் சாய்த்து, 'கூப்ட்டு வெச்சி இல்லன்னு சொல்வாங்களா' என்று. வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. இத்தனை நாள் என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் இப்போது என்னோடு சேர்ந்து சிரித்தார்கள். அப்பா மட்டும்தான் அந்தப் பக்கம் இருந்தார்.

"இதாண்டா உன் கதை," என்றார் சார். "டீம் லீட் பண்ணேன், டீம் லீட் பண்ணேன்னு கேட்டு அவங்களுக்குக் காது புளிச்சிருக்கும். இதச் சொல்லு."

அதற்குப் பிறகு ஒவ்வொரு பயிற்சியிலும் அதையே சொன்னேன். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே தோளைக் குலுக்க வேண்டும் என்று சார் திருத்தினார். அப்பாவின் வசனத்தை மட்டும் தமிழில் விட்டுவிட்டு உடனே ஆங்கிலத்தில் பொருள் சொல்ல வேண்டும், அப்போதுதான் எடுபடும் என்றார். போகப்போக அப்பா சொல்லாததையும் சேர்த்தேன். 'இன்டர்வியூ பண்ற அந்த மூணு பேரு போட்டோ இருந்தா வாங்கியா, கீழ போட்டுடலாம்' என்று அப்பா கேட்டதாக ஒரு வரி. அது முழுக்க என் சரக்கு. அதற்குத்தான் எல்லாரும் அதிகமாகச் சிரித்தார்கள்.

இன்டர்வியூ அன்று காலையில் அப்பா குன்றத்தூர் போய் விபூதி வாங்கி வந்து பூசிவிட்டார். பல்லாவரம் சிக்னலில் அதைத் துடைத்துக்கொண்டேன்.

கட்டுரைக்குத் தலைப்பு, நல்ல பொருளுக்கு விளம்பரம் தேவையா என்பது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எங்கள் தெரு பேனரிலிருந்தே ஆரம்பித்து, படிக்காத ஊரில் விளம்பரம் எப்படிப் பொருளுக்கு முந்திக்கொள்கிறது என்று ஒரு போடு போட்டேன். உள்ளே கூப்பிட்டபோது கட்டுரை அவர்கள் மேஜைமேல் இருந்தது. இரண்டு ஆண்கள், ஒரு வயதான அம்மா. அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியும் போலிருந்தது. பேனரைப் பற்றிச் சொல்லுங்கள் என்று அவர்களாகவே கேட்டார்கள். நான் கழுத்தைச் சாய்த்து ஆரம்பித்தேன்.

எல்லாமே பயிற்சியில் நடந்த மாதிரியே நடந்தது. போட்டோ வரியைச் சொன்னதும் ஓரத்தில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கும் அளவுக்குச் சிரித்தார். அந்த அம்மாவும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, சாதாரணமாகத்தான் கேட்டார்.

"நாங்க உங்கள எடுக்கலன்னா, அந்த பேனர உங்க அப்பா என்ன செய்வார்?"

அந்தக் கேள்வியைத் தமிழிலேயே கேட்டார். தாம்பரத்தில் அத்தனை நாள் உட்கார்ந்தும் யாரும் இதைக் கேட்கவில்லை, நானும் எனக்குள் கேட்டுக்கொள்ளவில்லை. முச்சந்தியில் அவர் ஸ்டூல் போட்டு ஏறிக் கயிற்றை அவிழ்ப்பது போல ஒரு நினைப்பு வந்தது. "தெரியல, மேம்," என்றேன். பரவாயில்லை என்று தலையசைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்கள். அடுத்த கேள்வி என்னவென்று இன்றைக்கும் எனக்கு ஞாபகமில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா, "இன்னா கேட்டாங்க?" என்றார்.

"உன்னப் பத்தித்தாம்பா கேட்டாங்க." வேறென்ன சொல்வது என்று தெரியாமல் சொல்லிவிட்டேன்.

"என்னப் பத்தியா? நீ இன்னா சொன்ன?"

"நல்லாத்தான் சொன்னேன்."

"அப்புறம்? இன்னா சொன்னாங்க?"

"சிரிச்சாங்க. சந்தோஷப்பட்டாங்க."

அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அன்று சாயங்காலமே டீக்கடையில் அது செய்தியாகிவிட்டது. அவ்வளவு பெரிய இடத்தில், கோட்டு போட்டவர்கள், ஜல்லி விற்கிறவனைப் பற்றிக் கேட்டார்களாம், சந்தோஷப்பட்டார்களாம். சித்தப்பா வீட்டுக்கு வந்து என்னிடமே அதைத் திருப்பிச் சொன்னார். சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்துகொண்டேன். வெட்கமாக இருந்தது. பேனரைப் பார்த்தபோது வந்த வெட்கம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

சித்திரையில் முடிவு வந்தது. இடம் கிடைக்கவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாததால்தான் போயிற்று என்று நான் சொல்ல மாட்டேன். என்னைவிட நன்றாகச் செய்தவர்கள் இருந்திருப்பார்கள். அப்பாவிடம் சொன்னபோது அவர் திட்டவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. "கூப்ட்டு வெச்சி..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். மறுநாள் காலையில் முச்சந்தியில் இரண்டு சவுக்குக் கம்புகள் மட்டும் நின்றன. கேட்டவர்களிடமெல்லாம் "காத்துல கிழிஞ்சிப் போச்சிப்பா" என்றார். கொஞ்ச நாளைக்கு நான் அதை நம்பினேன், அல்லது நம்புகிற மாதிரி இருந்தேன்.

அடுத்த மாசத்தில் ஒரு பகலில் திடீரென்று கோடை மழை பிடித்துக்கொண்டது. மனையில் அப்போதுதான் சிமெண்டு லோடு இறங்கியிருந்தது. ஒரு மூட்டை நனைந்தாலும் கல்லாகிவிடும். அப்பாவும் லோடு இறக்கும் ஆளும் ஓடினார்கள். லீவில் வீட்டில் இருந்த நானும் ஓடினேன். அப்பா ஷெட்டுக்குள்ளிருந்து ஒரு மடித்த ஃபிளெக்ஸை இழுத்துக்கொண்டு வந்தார். எங்கேயும் கிழியவில்லை. வெள்ளைப் பக்கம் மேலே இருக்கும்படி பார்த்துப் பார்த்து மடித்திருந்தார். விரிக்கும்போதும் அப்படியேதான் விரித்தார். நான் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன். அப்பா என்னைப் பார்க்கவில்லை.

அதற்குள் ஒரு காற்று அடித்து ஃபிளெக்ஸைத் தூக்கிப் புரட்டிப் போட்டுவிட்டது. சிங்கம், மணிக்கூண்டு, கோட்டு போட்ட நான், எல்லாம் வானத்தைப் பார்த்துக்கொண்டு மூட்டைகளின்மேல் படுத்தன. ஓரத்தில் அப்பாவின் தலையும், தோள்மேல் அந்த யாரோ ஒருவரின் கையும். திருப்பிப் போட நேரமில்லை. மறுபடி பறந்துவிடாமல் இருக்க லோடு இறக்கும் ஆள் செங்கற்களை அள்ளிக்கொண்டு வந்து நடுவில் வைக்கப் போனார்.

"மூஞ்சி மேல கல்லு வெக்காதய்யா," என்று மழையில் கத்தினார் அப்பா. "ஓரமா வெய்."

ஓரத்தில் அவர் முகம்தான் இருந்தது. ஆள் அதன்மேல் கல்லை வைத்தார், அப்பா ஒன்றும் சொல்லவில்லை.