யானைமலையில் எழுதிய பெயர்

கல்லூரி நாட்களில், யானைமலைச் சமணச் சிற்பங்களுக்குக் கீழே நானும் நண்பன் சாதிக்கும் எங்கள் பெயர்களை வெள்ளை பெயிண்டில் எழுதினோம். தப்பென்றே தோன்றவில்லை. சாதிக் இறந்து ஆறு வருடமாகிறது. போன மாதம் அவன் பெயரைப் பார்க்கவே மலையேறினேன். அங்கே ஒரு பெண் பாறையைத் தேய்த்துச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்.

“அக்கா, அந்த ஒரு பேரை மட்டும் விட்ருங்க. செத்துப்போன என் கூட்டாளி பேரு.”

“ஆயிரம் வருசத்துச் செலைண்ணே. இந்தப் பெயிண்ட இம்புட்டு நாளு தாங்குனதே போதும். நீங்களே தொடைங்க” என்று பிரஷ்ஷை நீட்டினார்.

என் பெயரை வேகமாகத் தேய்த்தேன். அவன் பெயரை ஒவ்வோர் எழுத்தாக, அழுதுகொண்டே அழித்தேன்.

அவன் அம்மாவின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் அத்தனை வருடமும் ஒதுங்கியிருந்தவன் நான். அன்று மலையிறங்கி நேராக அவர் வீட்டுக்குப் போனேன்.

“இப்பத்தான் வழி தெரிஞ்சுச்சாப்பா?” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

முதலிலேயே அங்கேதான் போயிருக்க வேண்டும்.