ஐஸ் அக்காவும் பதினாறு குழாய்களும்

பதினெட்டு வருஷமாக அந்த மைதானத்தில் யார் பாடினாலும், யார் ஓடினாலும், கூட்டத்தின் தாகத்துக்கு ஐஸ் அக்காதான் பொறுப்பு. நீலத் தொட்டிகளில் பனிக்கட்டியைக் கொட்டி, தண்ணீர் பாட்டில்களை அதில் புதைத்து வைத்து விற்பாள். காவலாளி முதல் மேடைக்காரர் வரை எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

அந்தப் பிழைப்பில் மண்ணைப் போட்டவள் வெளியாள் இல்லை, கொழுந்தனின் மனைவி. குழாய் வேலை படித்தவள். கூட்டம் கலைந்த பின் மலைபோல் குவியும் காலி பாட்டில்களைப் பார்த்து நிர்வாகம் தலையில் கை வைத்திருந்த நேரம் பார்த்துப் போய், "ஊர்க்குழாய்த் தண்ணியையே வடிகட்டித் தரேன். ஜனங்க அவங்கவங்க பாட்டில்ல பிடிச்சுக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள். அந்த வருஷ இசை விழாவில் பாட்டில் விற்பனையே கிடையாது என்று முடிவாயிற்று.

ஐஸ் அக்காவுக்கு வயிறு எரிந்தது. மாமியார் சின்னவளைப் புகழும்போதெல்லாம் சமையலறையில் பாத்திரங்கள் உருண்டன.

"அவ நம்ம வீட்டுப் பொண்ணுதானே?" என்றான் கணவன்.

"அதுதான் எரியுது. வேத்தாளா இருந்தா சண்டையாவது போட்டிருப்பேன்."

விழா அன்று, சும்மா பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனாள். பதினாறு குழாய்கள் பளபளத்தன. சிந்தும் தண்ணீர்கூட மரத்தடிக்கு ஓடியது. பிடித்துக் குடித்துப் பார்த்தாள். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. அதில் இன்னும் எரிச்சல்.

மூன்று மணிக்குக் குழாய்கள் நூலாய் இளைத்தன. வெயிலில் வரிசை நீண்டது; முணுமுணுப்பு கூச்சலானது. சின்னவள் வேர்க்க விறுவிறுக்க வடிகட்டியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாள்.

காரணம் ஐஸ் அக்காவுக்குத் தெரியும். தினமும் அந்த நேரத்துக்குத் தோட்டக்காரர் பின்வாசல் புல்வெளிக்குத் தண்ணீர் திறந்துவிடுவார். இரண்டும் ஒரே குழாயிலிருந்து பிரிபவை. அவள் வாயைத் திறக்கவில்லை. நன்றாகச் சிக்கினாள் என்று நினைத்தாள். கால் மணி நேரம் அந்த நினைப்பு இனித்தது.

அப்போது வரிசையில் ஒரு முதியவர் தலைசுற்றித் தரையில் உட்கார்ந்தார். அவர் மனைவி காலி பாட்டிலைக் கவிழ்த்து, மிச்சமிருந்த சொட்டை அவர் உதட்டில் விட்டாள்.

ஐஸ் அக்கா பின்வாசலுக்கு ஓடினாள். வால்வை மூடிவிட்டு மூச்சிரைக்கத் திரும்பியபோது குழாய்கள் கொட்டிக்கொண்டிருந்தன. முதியவர் குடித்துத் தெளிந்திருந்தார். கூட்டம் சின்னவளுக்குக் கை தட்டியது.

"பாத்தீங்களாக்கா? வடிகட்டிதான் அடைச்சிருந்துது."

"வடிகட்டியும் இல்ல, ஒண்ணும் இல்ல. புல்வெளி வால்வு. நான்தான் மூடினேன்." நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "முன்னாடியே மூடியிருக்கலாம். மூடல."

"ஏன்க்கா?"

"பொறாமை. வேறென்ன?"

சின்னவள் கையிலிருந்த வடிகட்டியைக் கீழே வைத்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "இந்த மைதானத்துல எனக்குத் தெரியாதது வேற என்னென்ன இருக்கு, சொல்லுங்க" என்றாள்.

இப்போது இருவரும் சேர்ந்துதான் வேலை எடுக்கிறார்கள். எந்த மூலையில் நிழல் விழும், கூட்டம் எந்தப் பக்கம் முட்டும் என்று பார்த்துக் குழாய்களுக்கு இடம் குறிப்பவள் பெரியவள்தான். போன மாதம் வெளியூர்க் கூட்டமொன்றில் இந்தக் குழாய் ஏற்பாட்டைப் பற்றிப் பேசச் சின்னவளை மட்டும் அழைத்தார்கள். "நல்லா பேசிட்டு வா" என்று பஸ் ஏற்றிவிட்டு வந்தாள் ஐஸ் அக்கா. அன்று அவள் வைத்த குழம்பில் உப்பே இல்லை. வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை.