பாம்புக் கடிக்குப் பிறகு நர்சிங் வகுப்புக்கு

முதலில் என் கண் இமைகள்தான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

அன்று காலை கல்வராயன் மலையில், பிடுங்கிக் குவித்திருந்த மரவள்ளிக் கிழங்கை மூட்டை கட்டி என் சின்ன யானை சரக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தோம். இடது பாதத்தில் சுரீர் என்றது. குனிந்து பார்த்தால் நல்ல பாம்பு. நிலத்துக்குச் சொந்தக்காரரான காட்டுக்காரர் கடிவாயை வெட்டவும் இல்லை, காலை இறுக்கிக் கட்டவும் இல்லை. தன் பைக்கின் நடுவில் என்னை உட்காரவைத்து, பின்னால் ஓர் ஆளைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, மலைமேல் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு விரட்டினார். எங்கேயும் மந்திரிக்க நிறுத்தவில்லை. இதைப் படிக்கும் யாருக்காவது நாளைக்கு இப்படி ஆனால், நீங்களும் அதையே செய்யுங்கள்.

போகும் வழியிலேயே சாலை இரண்டாகத் தெரிந்தது. நிலையத்தில் இறங்கியபோது இமைகளை விரலால் தூக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. பேச்சு குழறியது. எச்சிலை விழுங்க முடியவில்லை. மருத்துவர் விஷமுறிவு மருந்தை ஏற்றச் சொன்னார். நரம்பு கொடுக்கும் கட்டளை தசைக்குப் போய்ச் சேராமல் இந்த விஷம் தடுத்துவிடும், அதனால் மூச்சு விடும் தசைகளும் தளரும், உடனே கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அவர் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் கேட்கிறது என்று காட்ட ஒரு விரலைக்கூட அசைக்க முடியவில்லை.

நான் மயங்கிவிட்டதாக எல்லோரும் நினைத்தார்கள். அந்த நிலையத்திலிருந்து என்னோடு 108 வண்டியில் ஏறிய ஆண் நர்ஸ் விக்னேஷ் மட்டும் அப்படி நினைக்கவில்லை. முகத்தில் மூச்சுப் பையை (கையால் அமுக்கினால் நுரையீரலுக்குள் காற்றைத் தள்ளும் ரப்பர் பை) வைத்து அழுத்திக்கொண்டே என் காதருகே பேசினார்.

"அண்ணா, நான் பேசறது உங்களுக்குக் கேக்குதுன்னு எனக்குத் தெரியும். மூச்சு விடற வேலையை என்கிட்ட வுட்டுடுங்க. நான் பாத்துக்கறேன்."

மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவும் எனக்கு மனப்பாடம். கண்ணை மூடிக் கிடந்தாலும் வண்டி எங்கே திரும்புகிறது என்று முதுகுக்குத் தெரிந்தது. பாதி மலைகூட இறங்காதபோதே விக்னேஷ், "கச்சிராயபாளையம் வந்துட்டோம்ணா, அவ்ளோதான்" என்றார். பொய். அது அடிவாரத்தில் இருக்கும் ஊர். ஓட்டுநரான என்னிடமே ஊர்ப் பெயரில் பொய் சொல்கிறாரே என்று உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பால்தான் நான் பயந்து சாகாமல் இருந்தேன் என்று இப்போதும் நம்புகிறேன். அவர் கை ஒருமுறைகூட நிற்கவில்லை.

கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரியில் தொண்டைக்குள் குழாய் போட்டு, வென்டிலேட்டரில் (நமக்காக மூச்சு விடும் இயந்திரம்) இணைத்தார்கள். என் மனைவி சுமதி வந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுதது கேட்டது. பிறகு ஒரு நாள் வலது கைப் பெருவிரல் அசைந்தது. அதைப் பார்த்து அவள் போட்ட சத்தத்தில் வார்டே திரும்பியது என்று சொல்வார்கள். குழாயை எடுத்ததும் கரகரத்த குரலில் நான் கேட்ட முதல் கேள்வி, "வண்டி எங்க?" என்பதுதான். "கெடக்குது மலையிலயே. மொதல்ல நீ எழுந்திரு" என்றாள்.

மூச்சு திரும்பிவிட்டது. கால்தான் இழுத்தடித்தது. கடித்த இடத்தில் சதை அழுகிக் கறுத்ததால், அதை வெட்டி எடுத்து, தொடையிலிருந்து தோல் எடுத்து வைத்துத் தைத்தார்கள். வாரக்கணக்கில் தினமும் கட்டு மாற்றுவார்கள். முதலில் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். பிறகு பார்க்க ஆரம்பித்தேன். வெள்ளையாக இருந்தால் என்ன அர்த்தம், சிவப்பாக மணி மணியாகச் சதை வந்தால் ஏன் நல்லது என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். கட்டு மாற்றும் சிஸ்டர் ஒருநாள், "நீங்க இன்னா, பரீட்சையா எழுதப் போறீங்க?" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஏன் எழுதக் கூடாது?

பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் எடுத்துத் தேறியவன் நான். வீட்டு நிலைமையில் ஸ்டீயரிங்கைப் பிடித்தேன். அதோடு படிப்பு நின்றது. இப்போது வயது இருபத்தேழு. இனிமேல் என்ன என்று நினைப்பதற்கே எனக்கு நேரம் இருந்ததில்லை.

கால் ஊன்றி நடக்க முடிந்ததும் முதல் வேலையாக மலைமேல் இருக்கும் அந்த நிலையத்துக்குப் போனேன். விக்னேஷைப் பார்த்ததும் ஆச்சரியம். என்னைவிடச் சின்னவர், மீசை அப்போதுதான் அடர்ந்துகொண்டிருந்தது. கையைப் பிடித்துக்கொண்டு, "கச்சிராயபாளையம் வர்றதுக்கு முன்னாடியே வந்துட்டோம்னு சொன்னீங்களே" என்றேன். அவர் முகம் மாறிவிட்டது.

"அப்ப நெஜமாவே கேட்டுக்கினு இருந்தீங்களா?"

"நீங்கதான் தெரியும்னு சொன்னீங்களே."

"படிச்சிருக்கேன்ணா. ஆனா கேட்டுதுன்னு சொல்ல இதுவரைக்கும் யாரும் திரும்பி வந்ததில்ல." சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அங்கேயே கேட்டேன்: நான் நர்சிங் படிக்க முடியுமா? பட்டயப் படிப்புக்கு வயது இன்னும் தாண்டவில்லை என்று சொல்லி, எங்கே எப்படி விண்ணப்பிக்க வேண்டும் என்று தன் போனிலேயே காட்டினார். மலை இறங்கும்போது பஸ்ஸில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

வீட்டில்தான் இடி. அப்பா வாழ்நாள் முழுக்க அடுத்தவர் நிலத்தில் வேலை செய்தவர். மண்வெட்டியைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"நர்சா? அது பொம்பளைங்க வேலைடா. ஊர்ல இன்னா சொல்லுவாங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் சுமதி பேசினாள். "மாமா, உங்க புள்ள மூச்சு நின்னப்ப அமுக்கி அமுக்கிக் கொண்டாந்து சேத்தவரு ஆம்பளதான். அவரு வூட்ல வேணாம்னு தடுத்திருந்தா இன்னிக்கி நாம யாருகிட்ட பேசிக்கினு இருப்போம்?"

அப்பா மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு வெளியே போனார்.

கல்லூரி நேர்காணலுக்கு முன் எனக்கிருந்த ஒரே பயம் என் கால். தேர்வு செய்யும் அம்மா, "மணிக்கணக்கா நிக்கணும். முடியுமா?" என்று கேட்டார். அவர் பக்கத்தில் இருந்த மருத்துவர் செருப்பைக் கழற்றச் சொன்னார். ஒட்டுப் போட்ட தோலை அழுத்திப் பார்த்தார். அங்கே தொட்டால் எனக்கு இன்னும் மரத்த மாதிரிதான் இருக்கும். குதிகாலை உயர்த்தி விரல் நுனியில் நிற்கச் சொன்னார். நின்றேன். இடது கால் நடுங்கியது. விழவில்லை.

"நோயாளியா இருந்ததால மட்டும் நர்ஸ் ஆயிட முடியாது, தெரியுமா?" என்றார் அந்த அம்மா.

"தெரியும்மா. அதனாலதான் படிக்க வந்தேன்" என்றேன். யோசித்துச் சொன்ன பதில் இல்லை. தானாக வந்தது.

சேர்க்கை உறுதி என்று போன் வந்தபோது, மலையிலிருந்து மீட்டுவந்த வண்டியில் ஒரு லோடு கொண்டுபோய் இறக்கிவிட்டு தியாகதுருகம் வழியாக வந்துகொண்டிருந்தேன். வண்டியை ஓரங்கட்டி, கோட்டை மலையைப் பார்த்துக்கொண்டு, கேட்டதையே இரண்டு முறை திரும்பக் கேட்டேன். பிறகு சுமதிக்குப் போன் செய்தேன். நான் சொல்வதற்குள் "கெடைச்சிடுச்சா? கெடைச்சிடுச்சா?" என்று அவளே கத்தினாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசி, ஒருவர் பேசியது ஒருவருக்குப் புரியாமல் சிரித்துக்கொண்டிருந்தோம். வீட்டுக்குப் போவதற்குள் டீக்கடையில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சொன்னவர் அப்பா.

பாம்பு கடித்துக் கிடப்பவருக்குப் பக்கத்தில் நிற்கும் உங்களுக்கு ஒன்று சொல்வேன். அவர் கண் மூடியிருந்தாலும் பேசுங்கள். நல்ல வார்த்தையாகப் பேசுங்கள். சின்னப் பொய் சொன்னாலும் பரவாயில்லை.

நேற்று கள்ளக்குறிச்சியில் சீருடை தைக்கக் கொடுத்தேன். தையல்காரர் வெள்ளைத் துணியைப் பார்த்துவிட்டு, "தங்கச்சிக்கா, வூட்டுக்காரம்மாவுக்கா?" என்று கேட்டார்.

"எனக்குத்தாங்க."

ஒரு கணம் ஏறிட்டுப் பார்த்தார். பிறகு டேப்பைத் தோளிலிருந்து எடுத்து மார்பைச் சுற்றி, தோளிலிருந்து இடுப்பு வரை, கையின் நீளம் என்று அளந்தார். ஆஸ்பத்திரியில் இளைத்த உடம்பு இன்னும் தேறவில்லை.

"ஒடம்பு இப்ப கம்மியாத்தான் இருக்குது. மூணு வருசம் போடணும் இல்ல? உள்ள துணி ஜாஸ்தி மடிச்சு வுடறேன். ஒடம்பு வெச்சா பிரிச்சுக்கலாம்."

வண்டி ஓட்டியபோது நான் அடுத்த லோடுக்கு மேல் எதையும் யோசித்ததில்லை. கட்டிலில் கிடந்தபோது அடுத்த மூச்சுக்கு மேல் யோசித்ததில்லை. மூன்று வருஷம் கழித்து இந்த உடம்பு இருக்கும், இதைவிடப் பெரிதாக இருக்கும் என்று அந்த மனிதர் சந்தேகமே இல்லாமல் சுண்ணாம்புக் கட்டியால் துணியில் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"நல்லாவே மடிச்சு வுடுங்கண்ணே" என்றேன்.