தலைவர் படத்துக்கு முன் ஒரு சத்தியம்

என் நைனாவுக்கும் அம்மாவுக்கும் கல்யாணம் செய்துவைத்தவர் தலைவர். நாடே கும்பிட்ட மனுஷர். செஞ்சிக்குக் கூட்டம் பேச வந்தவர், மேடையிலேயே மாலை எடுத்துக் கொடுத்து, பொண்டாட்டி மேல் கை ஓங்கக் கூடாது என்று நைனாவிடம் சொன்னாராம். நைனா ஓங்கியதே இல்லை. எங்கள் காலனியில் ஒவ்வொரு வருஷமும் தலைவர் பிறந்தநாளன்று, புதுசாகக் கல்யாணமான பையன்களை அவர் படத்துக்கு முன் நிறுத்துவோம். நைனா மைக்கில் தன் கல்யாணக் கதையைச் சொல்லி, அதே சத்தியத்தை அவர்களிடம் வாங்குவார்.

இந்த வருஷம் அதற்கு நாலு நாள் இருக்கும்போது, பஜாரில் நான் வேலை செய்யும் தையல் கடையில் ஒரு பெண் போனை நீட்டினாள். தலைவரின் பேத்தி பேட்டி கொடுத்திருந்தார். தாத்தா பாட்டியை அடிப்பார், ஒரு அடியில் பாட்டிக்கு இடது காது போய்விட்டது, வீட்டில் யாரும் வெளியே சொல்லவில்லை என்றார். அழாமல்தான் சொன்னார்.

எட்டாவதோடு நின்றவள் நான். எது நிஜம், எது கிளப்பிவிட்டது என்று எனக்குப் பிரிக்கத் தெரியாது. ஆனால் அது பொய் சொல்கிற முகமாக இல்லை. நைனா கதையை ஆரம்பிக்க, பின்னாலிருந்து எவனாவது சிரித்தால்? இந்த வயசில் தாங்குவாரா? நைனா வழக்கமாக உட்காரும் டீக்கடைக்குப் போய், அவரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். அதுதான் நான் செய்த தப்பு. அதுவரை அங்கே பாதிப் பேருக்கு விஷயமே தெரியாது.

பிறந்தநாள் காலையில், விழாவைத் தள்ளிவைத்துவிட்டார்கள் என்று பொய் சொன்னேன். நைனா வெள்ளைச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"டீக்கடையில காட்டிட்டானுங்கம்மா. ரெண்டு வாட்டி பாத்தேன்."

பிறகு அம்மா பக்கம் திரும்பினார். "நீ இன்னா சொல்ற?"

அரிசி களைந்துகொண்டிருந்த அம்மா தலை நிமிரவில்லை. "உங்கிட்ட சொல்றதுக்கு அவரு வந்தாருய்யா. அவருகிட்ட சொல்றதுக்கு அந்தம்மாவுக்கு யாரு வந்தா?"

நைனா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். நானும் அம்மாவும் பின்னாலேயே போனோம்.

அன்று மூன்று ஜோடிகள் நின்றிருந்தார்கள். "பெருசு, இந்த வாட்டியும் கதை உண்டா?" என்றான் ஒருத்தன். நாலைந்து பேர் சிரித்தார்கள். நைனா படத்துக்கு மாலை போட்டார். கதை சொல்லவில்லை. பையன்கள் வழக்கம்போலப் படத்தைப் பார்த்துக் கையை நீட்டினார்கள்.

"அங்க பாக்காதீங்கடா," என்றார். "அவங்கவங்க பொண்டாட்டி மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

சொன்னார்கள். ஒரு பெண் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். நைனா மைக்கைக் கீழே வைத்தார்.

வீட்டுக்கு நடக்கும்போது, அந்தம்மா பேர் என்ன என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அம்மாவுக்கும் தெரியவில்லை. பேட்டியிலும் பாட்டி, பாட்டி என்றுதான் வந்தது. தலைவரின் அப்பா பேர், படித்த பள்ளிக்கூடம், ஜெயிலுக்குப் போன வருஷங்கள் எல்லாவற்றையும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிற மனுஷர், ரோட்டோரமாகவே கொஞ்ச நேரம் நின்றுவிட்டார்.