பிடியை எண்ணத் தெரிந்தவர்

பதினேழு வருஷம் ஒரே கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர். வருஷா வருஷம் பதினோரு மாதத்துக்கு ஒரு நியமனக் கடிதம் கொடுப்பார்கள். புதுசு புதுசாகக் கடிதம் கொடுத்தால் மனுஷிக்கு வயசாகாதா என்ன? நாற்பத்தாறு ஆகிவிட்டது.

பிள்ளைகள் வைத்த பெயர் 'ரெண்டு கை மேடம்'. வேதியியலில் அணைவு எண் நடத்தும் அன்று ஒரு மாணவியை நடுவில் நிறுத்தி, நீதான் உலோக அணு என்பார். மூன்று பேரைக் கூப்பிட்டு, ஆளுக்கு இரண்டு கையாலும் அவளைப் பிடிக்கச் சொல்வார்.

"எத்தனை பேர்னு எண்ணாதீங்க, எத்தனை புடின்னு எண்ணுங்க. இருமுனை ஈனின்னா ரெண்டு கையால புடிக்கிற ஆளு, அது மூணு வந்தா அணைவு எண் ஆறு. மூணுன்னு எழுதுனீங்க, கொன்னுடுவேன்!"

சிரிப்பார்கள், ஆனால் மறக்க மாட்டார்கள்.

அந்த வருஷம் நிரந்தர இடம் ஒன்று காலியானது. பரிந்துரைக்க வேண்டியவர் துறைத்தலைவர். அதே வாரம் விடைத்தாள் திருத்தும் வேலை. தலைவர் தயாரித்துக் கொடுத்த விடைக்குறிப்பில், கோபால்ட்டைச் சுற்றி எத்திலீன் டைஅமீன் என்ற இருமுனை ஈனி மூன்று இருந்தால் அணைவு எண் மூன்று என்று இருந்தது. அட கடவுளே! ஆளை எண்ணி வைத்திருக்கிறார் மனுஷர்.

மேடம் குறிப்பைத் தூக்கிக்கொண்டு அவர் மேசைக்குப் போனார்.

"சார், அந்தப் பதினாலாவது கேள்வி..."

"என்ன அதுல?" தலைவர் நிமிரவில்லை. "உங்க பேரைத்தான் எழுதிக்கிட்டு இருக்கேன், பரிந்துரைக்கு. சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல சார்."

திரும்பி வந்து, ஆறு என்று இருந்ததையெல்லாம் சிவப்பு மையால் அடித்தார். பாதி அவருடைய பிள்ளைகளின் தாள்கள். கையெழுத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனாலும் அடித்தார். மாலையில் விடைக்குறிப்புகளைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

ஒரு மதிப்பெண்ணில் மேல்படிப்பு இடத்தைத் தவறவிட்ட மாணவி ஒருத்தி புகார் கொடுத்தாள். விசாரணையில் தலைவர் எடுத்து நீட்டிய விடைக்குறிப்பில் பளிச்சென்று ஆறு! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டதுதான், மேடம் அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தார்.

"குறிப்பு சரியாத்தான் இருக்கு. திருத்துறவங்களுக்கு அடிப்படையே தெரியலைன்னா நான் என்ன பண்றது?"

"அன்னிக்கு மூணுன்னு இருந்துச்சு சார். நான் பார்த்தேன்."

"பார்த்தா அப்பவே சொல்லியிருக்கணும்ல?"

கூடத் திருத்தியவர்கள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் வேலை முக்கியம். பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்று மேடத்தால் புலம்பக்கூட முடியவில்லை. பாவத்தில் பாதி தன்னுடையது என்று அவருக்கே தெரியும்.

நியமனக் கடிதம் அந்த வருஷம் வரவில்லை.

அலமாரிச் சாவியை ஒப்படைத்துவிட்டுப் படியிறங்கியபோது அந்த மாணவி எதிரே ஓடி வந்தாள். தாளைத் திருத்தியது யார் என்று மாணவர்களுக்குச் சொல்வதில்லை.

"மேடம், மார்க் போட்டுட்டாங்க! இடமும் கெடச்சிருச்சு! நீங்க நடத்துனதைத்தான் எழுதியிருந்தேன், எவனோ ஒரு மடையன் அடிச்சு வச்சிருக்கான். நீங்க திருத்தியிருந்தா இப்படி ஆகியிருக்குமா?"

"ஆகியிருக்காதும்மா" என்றார் மேடம்.