தவில் இன்னும் வரவில்லை

கடல் கடந்து வாத்தியம் வரவழைத்துக் கொடுக்கிறவனுக்குச் சங்கீதம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எதிரே வருகிற ஆளைத் தூரத்திலேயே அடையாளம் கண்டு, ஒழுங்கைக்குள் சைக்கிளைத் திருப்பத் தெரிந்தால் போதும். பிறருடைய பொருளுக்குப் பொறுப்பெடுத்து, பிறகு அவர்களுடைய முகத்தைப் பார்க்க முடியாமல் தவித்தவர்கள் இதை வாசிப்பவர்களிலும் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

வாசலில் ஒரு துறைமுகம்

என் கந்தோர் திருகோணமலையில் உட்துறைமுகத்துக்குப் பக்கத்தில், ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில் இருக்கிறது. சன்னலால் பார்த்தால் கப்பல் தெரியும். தொழிலுக்கு இதைவிடப் பெரிய இடைஞ்சல் கிடையாது. வயலினுக்கோ ஆர்மோனியத்துக்கோ சொல்லிவைத்தவர்கள் என் முன்னால் கதிரையில் இருந்துகொண்டு வெளியே பார்ப்பார்கள். கப்பல் நிற்கிறதே, சாமான் எங்கே என்று அவர்கள் வாயால் கேட்பதில்லை. அது கோதுமைக் கப்பல், வாத்தியப் பெட்டிகள் கொழும்பில் இறங்கி லொறியில் வரும் என்று நான் விளக்குவேன். கேளாமலே துறைமுகத்தின் வரலாற்றையும் சேர்த்துச் சொல்வது என் வழக்கம். முன்பு டியூஷன் கொடுத்தவன். ஊரில் இன்னும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

தவில்காரர் குணரத்தினத்துக்கும் அப்படித்தான் விளக்கினேன். எங்களுக்கு அவர் குணம். பழைய தவிலின் மரம் வெடித்துவிட்டதால், தமிழ்நாட்டிலிருந்து புதுத் தவில் ஒன்றை என் மூலம் வரவழைக்கச் சொல்லியிருந்தார். நிலாவெளிப் பாதையில் உள்ள ஒரு கோயிலின் திருவிழாவுக்கு வருடா வருடம் வாசிப்பது அவருடைய மேளச் செட். இந்த முறை கையில் தவில் இல்லாவிட்டால் யாழ்ப்பாணத்திலிருந்து வேறு செட்டைக் கூப்பிடுவார்கள். ஒருமுறை வந்து நன்றாக வாசித்துவிட்டவர்களைக் கோயில்காரர் இலேசில் விடமாட்டார்கள். அவர் இதைத் தணிந்த குரலில் சொல்லி முடித்தார். நான் துறைமுகத்தின் ஆழத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் கேட்டார்: “அப்ப மாஸ்டர், இந்தத் துறைமுகம் பாக்கிறதுக்கு மட்டுமோ?”

ஒரு வரி கேட்டார்கள்

கொழும்பில் எனக்காகச் சுங்க வேலைகளைப் பார்க்கும் முகவர் பெட்டிக்குள் இருப்பது என்ன என்று ஒரு வரியில் எழுதி அனுப்பச் சொன்னார். மற்றவர்கள் ‘இசைக்கருவி, ஒன்று’ என்று எழுதிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போயிருப்பார்கள். எனக்கு அது அறிவுக்குச் செய்யும் துரோகமாகப் பட்டது. புல்லாங்குழலும் இசைக்கருவி, பியானோவும் இசைக்கருவி. இவற்றுக்கிடையே அதிகாரி எப்படித் தவிலைக் காண்பார்? ஆகவே ஆங்கிலத்தில் ஒரு முழுப் பக்கம் எழுதினேன். பலாமரத்தைக் குடைந்த உருளை. வலது பக்கம் எருமைத்தோல், இடது பக்கம் ஆட்டுத்தோல். தோல் பதனிட்ட முறை தெரியவில்லை. கீழே, தவில் என்ற சொல்லின் பிறப்பைப் பற்றி அடிக்குறிப்பும் போட்டேன். என்னிடம் வேலை செய்யும் கிண்ணியா ஊர்ப் பிள்ளை பர்சானா, அதைத் தட்டச்சு செய்யும்போதே, “சேர், அவங்க ஒரு வரிதானே கேட்டாங்க” என்றாள். சுருக்கம் வேறு, தெளிவு வேறு என்று அவளுக்குப் பாடம் எடுத்தேன்.

பெட்டி கப்பலிலிருந்து இறங்கியதும், மிருகத் தோல்களைச் சோதிக்கும் பகுதிக்கு அனுப்பப்பட்டது. அதோடு வந்த வேறு ஒருவருடைய மிருதங்கம், ‘இசைக்கருவி’ என்ற ஒற்றைச் சொல்லோடு, வந்த வேகத்திலேயே வெளியே போய்விட்டதாம். முகவர் சிங்களவர், நல்ல மனிதர், தனக்குத் தெரிந்த தமிழில் கோபப்படாமல் தொலைபேசியில் கேட்டார்: “மாத்தயா, நீங்க கொண்டுவாறது மேளமா, பண்ணையா?”

அலுமாரிக்குப் பின்னால்

திருவிழா நெருங்க நெருங்க, குணம் கந்தோருக்கு வரும் நேரங்களும் நெருங்கின. படியில் அவருடைய செருப்புச் சத்தம் எனக்குப் பழகிவிட்டது. ஒருநாள் அந்தச் சத்தம் கேட்டதும், வயதுக்கும் படிப்புக்கும் ஒவ்வாத ஒரு காரியம் செய்தேன். எழும்பிப்போய் அலுமாரிக்குப் பின்னால் நின்றுகொண்டேன். பர்சானா நிமிர்ந்து பார்த்தாள். பிறகு என்னைப் பெற்றவள் மாதிரி ஒரு பெருமூச்சு விட்டாள்.

“சேர் வெளியில போயிட்டாரு அண்ணன்” என்றாள். குணம் உடனே போகவில்லை. கதிரையில் இருந்தார். தண்ணீர் கேட்டுக் குடித்தார். பழைய தவிலுக்கு இரும்புப் பட்டி போட்டுப் பார்த்ததாகவும், சத்தம் தகரப் பீப்பாய் மாதிரி வருவதாகவும் சொன்னார். ஒருவரிடம் இரவல் கேட்டிருக்கிறார். திருவிழாக் காலத்தில் யார் தவிலை இரவல் கொடுப்பார்கள்? பேசிக்கொண்டே கதிரையின் கையில் விரல்களால் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தார். தாளம் பிசகவில்லை. நான் மூச்சை அடக்கிக்கொண்டு அதைக் கேட்டேன். கடைசியாக எழும்பி வாசலுக்குப் போனவர் திரும்பி, பர்சானாவைப் பார்த்துச் சொன்னார்: “மாஸ்டர் வந்தா சொல்லுங்கோ தங்கச்சி, அலுமாரிக்குப் பின்னால நுளம்பு கூட, கடிக்கும் எண்டு.”

மண்டபத்தில் வாசித்தது

கோயில் நிர்வாகத்திடமிருந்து ஒரு கடிதம் கிடைத்தால் காரியம் விரைவாகும் என்று முகவர் சொன்னார். குணத்தோடு நானும் கோயில் மண்டபத்தில் நடந்த நிர்வாகக் கூட்டத்துக்குப் போனேன். வெட்கத்தை மறைக்க நல்ல வேட்டி கட்டியிருந்தேன். செயலாளர் எல்லாம் முறைப்படி நடக்க வேண்டும் என்கிறவர், என்னைப் போன்றவர். நான் எழுதிய பக்கத்தை வாங்கி, எல்லோருக்கும் விளங்கட்டும் என்று தமிழில் சத்தமாக வாசித்தார். ‘எருமைத்தோல்’ என்ற இடத்தில் எல்லோரும் சந்நிதிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். கதவு திறந்திருந்தது, உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. குணம் தரையைப் பார்த்தார். அவருடைய தகப்பன் காலத்திலிருந்து அந்தச் சந்நிதியில் வாசித்து வருகிற தோல் அதுதான். அதற்கு அங்கே ஒருவரும் பெயர் சொன்னதில்லை.

கடிதம் தந்தார்கள். ஆனால் கூடவே, திருவிழாவுக்கு ஒரு கிழமைக்கு முன் தவில் வராவிட்டால் யாழ்ப்பாணத்துச் செட்டுக்குச் சொல்லிவிடுவது என்றும் முடிவெடுத்தார்கள். வெளியே வரும்போது பொருளாளர் என் தோளில் கைபோட்டு, துக்கம் விசாரிக்கிற குரலில் சொன்னார்: “எருமை எண்டு எங்களுக்கும் தெரியும் தம்பி. அம்மனுக்கு முன்னால அதை வாசிச்சுக் காட்டத்தான் வேணுமோ?”

கொழும்பில் ஒரு விளக்கம்

அந்தக் கெடுவும் கழிந்தது. இனித் தொலைபேசியில் கதைத்துப் பயனில்லை என்று கடிதத்தோடு நானே கொழும்புக்குப் போனேன். சோதனைப் பகுதியில் இருந்த அதிகாரி ஒரு பெண். மேசையில் என்னுடைய பக்கம் கிடந்தது. ஓரமெல்லாம் பென்சிலில் கேள்விக்குறிகள். இத்தனை கவனமாக என்னை வாசித்தவர்கள் இந்த நாட்டில் வேறு ஒருவரும் இல்லை. கொஞ்ச நேரம் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அவர் தவிலைக் கொண்டுவரச் செய்து, நகத்தால் ஒரு தட்டுத் தட்டி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நான் நன்றி சொல்லிவிட்டு, இதற்கு ஏன் இவ்வளவு நாள் ஆயிற்று என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாக, தமிழிலேயே பதில் சொன்னார்: “தோலை வந்த அன்றைக்கே பார்த்து முடித்தோம். உங்கள் அடிக்குறிப்புத்தான் எங்களுக்கு விளங்கவில்லை.”

இரண்டாவது தவில்

திருவிழா தொடங்குவதற்கு முதல் நாள் தவில் குணத்தின் கையில் சேர்ந்தது. அவர் பெட்டியைத் திறந்து, தோலில் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டார். மூடிய பெட்டிக்குள் இத்தனை நாள் கிடந்ததில் தோல் ஈரம் குடித்துத் தளர்ந்திருந்தது. வெயிலில் காய்ந்து, வாசிக்க வாசிக்கத்தான் அது இறுகும். அதற்கு நாள் வேண்டும். யாழ்ப்பாணத்துச் செட் அதற்குள் வந்து இறங்கிவிட்டது. ஊர்க்காரர் என்பதற்காகக் குணத்தை இரண்டாவது தவிலாக இருக்கச் சொன்னார்கள். அவர் ஓம் என்று சம்மதித்துப் போய் இருந்தார். அடுத்த வருடத்துக்கும் அந்தச் செட்டுக்கே சொல்லியாகிவிட்டது என்பதைப் பொருளாளர் கடைசி நாளில் என் காதில் போட்டார்.

நான் கடலைக்காரனின் வண்டிக்கு இந்தப் பக்கம், சனத்துக்குள் நின்றேன். திருவிழா முடியும் தறுவாயில் குணத்தின் தவில் வழிக்கு வந்துவிட்டது. முதல் தவில்காரர் தன்னுடையதை நிறுத்திவிட்டு அதைக் கேட்டார். முடிந்ததும், மரத்தைத் தடவிப் பார்த்து, இது எங்கே எடுத்தது, எனக்கும் ஒன்று வேண்டுமே என்றார். குணம் சனத்துக்குள் தேடி என்னைக் கண்டுபிடித்துக் கையைக் காட்டினார். ஓடுவதற்கு இடமில்லை. கிட்டப் போனேன். அவர் என் கையைப் பிடித்து அந்த மனிதரின் கையில் வைத்துவிட்டு, சிரிக்காமல் சொன்னார்: “இவர்தான் எடுத்துத் தந்தவர். இப்பவே சொல்லி வையுங்கோ, உங்கட மகன் வாசிக்கிற காலத்துக்கு வந்து சேரும்.”

எனக்கு ஆள் பிடித்துத் தருகிறவர்கள் எல்லாம் என்னால் கெட்டுப்போனவர்களாகவே இருப்பதால், இந்த வியாபாரம் வளர்ந்துகொண்டு போவதை நான் சந்தோசத்தோடு பார்ப்பதில்லை.