பசியாறிய ஆட்டக்காரர்

தோல் கிடங்கில் உப்புத் தடவிக்கொண்டிருந்தபோது சாகுல் அண்ணாச்சியின் தங்கை கணவர் வாசலில் வந்து நின்றார். "மச்சான் மவுத்தாயிட்டாங்க. காலைல நெஞ்சு வலிக்குதுன்னாங்க, அவ்வளவுதான்."

கையைக் கழுவிவிட்டு அவரோடு நடந்தேன். தாராவியில் கடைகளை ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டிருந்தார்கள். நான் செத்தால் எந்தக் கடையை அடைப்பார்கள் என்று அப்போதும் நினைத்தேன். அவர் விஷயத்தில் என் மனம் எப்போதும் அப்படித்தான் ஓடும்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சாகுல் ஹமீது அண்ணாச்சி எங்கள் கபடிக் குழுவின் முதல் ஆட்டக்காரர். பகலில் தோல் கிடங்கு, மாலையில் மாட்டுங்கா மைதானம். அவர் பாடிப் போனால் யாரையாவது தொடாமல் திரும்பமாட்டார். மராத்திக்காரர்களும் அவர் பெயரைச் சொல்லிக் கத்துவார்கள். நான் அதே குழுவில் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருப்பேன். அவர் களைத்தால்தான் எனக்கு ஆட்டம். அவர் களைப்பதில்லை.

சீனச் சண்டை நடந்த வருஷத்து மழைக்காலத்தில், பயிற்சியின்போது அவர் முழங்கால் பிசகியது. இனி ஆடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவருடைய இடம் எனக்கு வந்தது. பயிற்சி நின்றதும் அவர் உடம்பு பெருத்தது. முதலில் கன்னம், பிறகு கழுத்து, பிறகு வயிறு. அடுத்த ரம்ஜானுக்குள் பழைய சட்டைகளையெல்லாம் தம்பிக்குக் கொடுத்துவிட்டார். பார்க்கும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் இனித்தது.

அந்த இனிப்பு நிலைக்கவில்லை. பஜ்ஜிப் பொட்டலத்தோடு அவர் மைதானத்துக்கு வந்தால், கூட்டம் ஆட்டத்தை விட்டுவிட்டு அவரைப் பார்க்கும். செம்பூர் அணியை நான் பாடி வென்ற நாளிலும் எல்லாரும் அவரைத்தான் சூழ்ந்துகொண்டார்கள். "நீங்க ஆடியிருந்தா இன்னும் சீக்கிரம் முடிஞ்சிருக்கும், அண்ணாச்சி" என்றார் எங்கள் தலைவரே.

அன்று சாயாக் கடையில் கேட்டே விட்டேன். "அண்ணாச்சி, ஒடம்பு இப்படிப் போயிட்டே. கொஞ்சம் வாயைக் கட்டக் கூடாதா?"

அவர் கோபப்படவில்லை. பிஸ்கட் தட்டை என் பக்கம் தள்ளினார்.

"முருகையா, நம்ம ஆட்டத்துக்கு எடைக் கணக்கு உண்டும்லா. அதுக்குப் பயந்து எத்தனை ராத்திரி வெறும் தண்ணியக் குடிச்சிட்டுப் படுத்திருக்கேன். உம்மா சோத்தப் போட்டுட்டு அழுவா. எல்லாரும் என் கால் ஓடினதைப் பாத்தீய, வயிறு காஞ்சதைப் பாக்கலியே. இப்ப நான் திங்கேன், அவ பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டே இருக்கா. இதைப் போயி எதுக்குடே கட்டச் சொல்லுத?"

மறுநாள் எனக்கு எடை பார்ப்பதாக இருந்தது. நான் பிஸ்கட்டைத் தொடவில்லை. அவர் சாயாவில் நனைத்து நனைத்துச் சாப்பிட்டார். அதுவரை அவர் ஆட்டத்தின் மீது பொறாமைப்பட்டவன், அன்று முதல் அவர் சாப்பாட்டின் மீதும் பொறாமைப்பட்டேன்.

துக்க வீட்டில் அண்ணாச்சியின் உம்மா, வந்தவர்களிடமெல்லாம் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார்: "காலைல வயிறாரச் சாப்பிட்டான்."

சந்தூக்குப் பெட்டியில் வைத்து, நானும் தோள் கொடுத்துத் தூக்கியபோது நல்ல கனம். அவர்கள் வழக்கப்படி, தோள் மாற்றுவதற்கு ஆட்கள் கூடவே நடந்து வந்தார்கள். அத்தனை பேருக்கும் அவரைச் சுமக்க ஆசை. தங்கை கணவர் என் அருகே வந்து, "விடுங்கண்ணே, பெரிய ஒடம்பு. நான் பிடிச்சிக்கிடுதேன்" என்றார்.

"இல்ல, இருக்கட்டும்" என்றேன்.

பின்னாலிருந்து இன்னொருவர் கேட்டார். அவருக்கும் கொடுக்கவில்லை. கபர்ஸ்தான் போய்ச் சேரும்வரை யாருக்கும் கொடுக்கவில்லை.

போய் வாருங்கள், அண்ணாச்சி. தோள் இன்னும் வலிக்கிறது.